கழுவிவிட்ட அடுக்களை

பால் நன்றாகத்தான் பொங்கியது. கிழக்குப் பக்கமாகச் சரிந்து அடுப்பின்மேல் வழிந்ததும், தாராவியிலிருந்தும் தாணேயிலிருந்தும் வந்திருந்த பெண்கள் குலவை போட்டார்கள். செம்பூரில் அந்தக் கட்டடத்துக்குக் குலவைச் சத்தம் புதுசு. எதிர் ஃப்ளாட் மராத்திக்காரம்மா என்ன ஆபத்தோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுப்பைப் பற்றவைத்தவள் இளையவள் பானுமதி. மூத்த ஓரகத்தி விஜயராணி பின்னால், ஃப்ரிட்ஜ் ஓரமாக நின்றாள். புருஷனை இழந்தவள் பால் காய்ச்சக் கூடாதாம். ஆனால் அதே வீட்டை முந்தின நாள் முழுக்க முழங்கால் தேயக் கழுவிவிட மட்டும் அவள்தான் வேண்டும். அப்போது எந்த சாஸ்திரமும் குறுக்கே வரவில்லை. இது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை.

விஜயராணிக்கு அன்று அதுகூட உறைக்கவில்லை. போன வாரமெல்லாம் அவள் எப்படி மிதந்துகொண்டிருந்தாள், நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கொழுந்தன் நாகராஜ் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்திருந்தான்.

"மதினி எங்கயும் போவ வேண்டாம். எங்ககூடத்தான் இருப்பாவ. புது வீட்டு அடுக்களை அவியளுக்குத்தான்."

இந்த ஃப்ளாட்டுக்குப் பதிலாகத் தாராவி ரூமை இடித்துக் கட்டுவதற்கு பில்டரிடம் விட்ட நாளிலிருந்து அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு, அந்த ஒரு வார்த்தையில் அணைந்தது. அந்த ரூம் அவள் புருஷன் ஆறுமுகநயினார் தோல் பட்டறையில் உழைத்து வாங்கியது. தம்பி நாகராஜை ஊரிலிருந்து கூட்டிவந்து ஆளாக்கியதும், பானுமதியைக் கட்டிவைத்ததும் அங்கேதான். நயினார் திடீரென்று போய்ச் சேர்ந்த பிறகும் விஜயராணி அடுப்படியை விட்டு நகரவில்லை. சொந்தமாகப் பிள்ளை கிடையாது. நாகராஜின் மகள் பத்மஜாதான் அவளுக்கு எல்லாம். இந்த வீடு இல்லையென்றால் அம்பர்நாத்தில் அவள் கூடப்பிறந்த தம்பி இசக்கி வீடு. அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இசக்கி பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"அக்கா, டம்ளர் எடுங்க. எல்லாருக்கும் பால் குடுக்கணும்லா" என்றாள் பானுமதி. குரலில் அப்படி ஒரு தேன்.

டம்ளர்கள் சிங்க்குக்குக் கீழே இருந்த கபோர்டில் இருந்தன. விஜயராணி குனிந்து கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். கதவு கீழே எங்கேயோ பிடித்துக்கொண்டு நின்றது. புதுசு, இறுக்கமாக இருக்கும் என்று நினைத்துக் காலை மடக்கி உட்கார்ந்து இரண்டு கையாலும் ஒரு இழுப்பு இழுத்தாள்.

கதவு வந்தது. கூடவே அதன் அடிப்பக்கத்து மைக்காவும் பட்டையாக உரிந்து வந்தது.

டீயில் ஊறிப்போன ரஸ்க் பார்த்திருப்பீர்கள். பலகை அப்படித்தான் உப்பிப் போயிருந்தது. பக்கத்துக் கபோர்டும் அதே கதி. தரையை ஒட்டிய பலகை முழுக்க வீங்கி, ஓரத்துப் பட்டி பிளந்து, ஈர மரத்தூளும் பசையும் கலந்த ஒரு வாடை குப்பென்று வந்தது. விஜயராணி விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று.

"ஐயையோ, இது என்னட்டி?" என்றாள் தாணேயிலிருந்து வந்திருந்த ருக்கு சித்தி. அவள் குரல் எப்போதுமே அடுத்த வீடு வரைக்கும் கேட்கும். ஹாலில் இருந்த அத்தனை பேரும் அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

நாகராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான். நிமிரும்போது முகமே மாறிப் போயிருந்தது.

"என்ன மதினி இது? நேத்து காலையில வரைக்கும் ஜம்முனு இருந்துச்சு."

"தெரியலையே தம்பி..."

"தண்ணி விட்டியளா?"

"கழுவிவிட்டேன். பால் காய்ச்சுற வீடு, கழுவிவிடாம எப்படி?"

"வாளி வச்சா?"

"வாளி வச்சுத்தான். பின்ன?"

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். விஜயராணிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்த அடுக்களை தாராவி அடுக்களை. அங்கே எல்லாம் கல். மேடை கடப்பாக் கல், அலமாரித் தட்டு கடப்பாக் கல், சுவரெல்லாம் டைல்ஸ். வியாழக்கிழமை சாயங்காலமானால் சம்படங்களை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீரை வீசி, வாரியலால் தேய்த்துத் தள்ளி, பாத்திரம் கழுவும் மோரியில் இறக்கினால்தான் அவளுக்கு வெள்ளிக்கிழமை விடியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். தாராவியில் அவள் தெருப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். கழுவாத அடுக்களையில் பால் காய்ச்சியதாகச் சொன்னால் வந்திருக்கும் கூட்டமே முகம் சுளித்திருக்கும்.

அவள் அறிவில்லாமலும் செய்யவில்லை. காட்கோபரில் கபோர்டு பார்க்கப் போன அன்று, கடைக்காரன் பளபளவென்று எதையெதையோ காட்ட, ஒவ்வொரு பலகையையும் தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்தவள் அவள். "பளபளப்பு கிடக்கட்டும். தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாத பலகை எது? அதைக் காட்டு" என்று ஒரே பிடியாக நின்றாள். கடைக்காரன் நல்ல ப்ளைவுட் துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தே காட்டினான். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பானுமதி தலையாட்டினாள். அதே மாதிரி செய்துதரச் சொல்லி, தாராவியில் மரப்பட்டறை வைத்திருக்கும் ஷாகுல் ஹமீதிடம் வேலையை ஒப்படைத்தார்கள். கபோர்டு ஏறியதும் போன வாரத்தில்தான்.

"தம்பி, இது நான் பார்த்த பலகை இல்ல" என்றாள் விஜயராணி. "இது வெறும் மரத்தூள். தொட்டுப் பாரு, உதிருது."

"பலகையக் குத்தம் சொல்லாதிய மதினி! எந்தப் பலகையா இருந்தா என்ன, கபோர்டுல யாராவது வாளித் தண்ணியக் கொண்டுபோய் ஊத்துவாவளா?"

அவளுக்கும் வாய் உண்டு. அது எப்போதும் செத்த வாய் இல்லை.

"நானா ஒண்ணும் ஊத்தலை. உம் பொண்டாட்டிதான் சொன்னா. 'அக்கா, கபோர்டு அடியில எல்லாம் வேலைக்காரங்க குப்பை கிடக்கு, நல்லா வாளி வச்சு வீசிக் கழுவிவிட்டுருங்க'ன்னு நேத்து இந்த வாசல்ல நின்னு சொன்னா. கேளு அவகிட்ட!"

அத்தனை கண்ணும் பானுமதி பக்கம் திரும்பின.

இந்த இடத்தில் இன்னொருத்தி என்றால், "நானா? எப்போ?" என்று எகிறியிருப்பாள். பானுமதி அப்படிச் செய்யவில்லை. செம்பூரில் ஒரு பெரிய டாக்டரின் கிளினிக்கில் வாசலில் உட்கார்ந்து, காத்திருக்கும் நோயாளிகளை எல்லாம் சிரித்தே சமாளிக்கிறவள் அவள். முந்தானை நுனியால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்" என்றாள் புருஷனைப் பார்த்து. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் சொன்னதாவே இருக்கட்டும். நல்ல நாளும் அதுவுமா பெரியவங்க மேல பழி வர வேண்டாம். விட்டுருங்க."

அடிப்பாவி! ஒரு வார்த்தை பொய் இல்லை. அத்தனையும் உண்மை. சொன்ன விதத்தில் ஒருத்தர்கூட அதை நம்பவில்லை.

"பாரு, எவ்வளவு தங்கமான பிள்ள! பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதா" என்றாள் ருக்கு சித்தி. இரண்டு மூன்று பெண்கள் ஆமாம் போட்டார்கள்.

விஜயராணிக்கு எங்கே பிடிப்பது, எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால், சின்ன ரூம் வாசலில் பத்மஜா நிற்பதைப் பார்த்தாள்.

பத்மஜா காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். பிறந்த குழந்தையாக இருந்தபோதே வேலைக்குப் போய்விட்ட பானுமதிக்குப் பதிலாக அவளைத் தோளில் போட்டு வளர்த்தது விஜயராணிதான். நேற்று பானுமதி அதைச் சொன்னபோது பிள்ளை ஹாலில், கூப்பிடு தூரத்தில், போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மம்மி, முதல்ல என் புக்ஸ் பெட்டியை மேல தூக்கி வைங்க, நனைஞ்சிரும்" என்று பதில்கூடச் சொன்னாள்.

"ஏட்டி பத்மஜா, நீ வா" என்றாள் விஜயராணி. குரலில் திடீரென்று ஒரு தெம்பு. "நீ கேட்டியா இல்லையா? உங்கம்மா சொன்னாளா இல்லையா? நாலு பேர் முன்னால சொல்லு."

பத்மஜா அம்மாவைப் பார்த்தாள். பானுமதி பால் பாத்திரத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவே இல்லை.

"நான் எதுவும் கேக்கல பெரியம்மா" என்றாள் பத்மஜா.

"என்னது?"

"மம்மி அப்படி ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க, 'எனக்குத் தெரியாதா, நான் தாராவியில எத்தனை வருஷமாக் கழுவுதேன்'னு."

அந்த வார்த்தை விஜயராணி சொன்ன வார்த்தைதான். ஆனால் நேற்று இல்லை. போன மாதம், பாத்ரூம் டைல்ஸைப் பற்றிப் பேசும்போது சொன்னது. பிள்ளை அதைச் சரியாக எடுத்து, சரியான இடத்தில் வைத்துவிட்டாள். விஜயராணி இருந்த இடத்திலேயே, அந்த வீங்கின கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பானுமதி டம்ளர்களை எடுத்துக் கழுவி, எல்லோருக்கும் பால் ஊற்றிக் கொடுத்தாள். இவ்வளவு நடந்தும் பாலை மட்டும் ஒருத்தரும் மிச்சம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஹாலில் நடந்தது இன்னும் மோசம். சோபாவில் நாகராஜும், அம்பர்நாத்திலிருந்து வந்திருந்த இசக்கியும் உட்கார்ந்து பேசினார்கள். விஜயராணி தரையில் டிபன் சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருக்கிறாள் என்கிற நினைப்பே இரண்டு பேருக்கும் இல்லாததுபோல இருந்தது.

"மாப்ள, மதினிக்கு இந்த வீடெல்லாம் சரிப்பட்டு வராது" என்றான் நாகராஜ். "இங்க எல்லாமே பட்டு மாதிரி வச்சுக்கணும். இன்னைக்குக் கபோர்டு, நாளைக்கு என்னவோ. கொஞ்ச நாள் உங்க வீட்ல இருக்கட்டும்."

இசக்கி பால் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். "எங்க வீட்ல எங்க மச்சான் இடம்? பிள்ளைய ஹால்லதான் படுக்குதுவோ. எம் பொண்டாட்டி குணமும் உங்களுக்குத் தெரியும்லா."

"அதுவும் சரிதான். ஆனா அக்கா உங்க அக்கா."

"அக்காதான், நான் இல்லன்னா சொன்னேன்?" இசக்கி குரலைத் தாழ்த்தினான், தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது. "ஒண்ணு செய்யலாம் மச்சான். மாட்டுங்காவுல வயசானவங்க மட்டும் இருக்கிற வீடு நிறைய இருக்கு. பிள்ளைய எல்லாம் அமெரிக்காவுல. தங்கிச் சமைச்சுப் போட நம்ம பாஷை தெரிஞ்ச ஆள் கிடைக்காமத் தவிக்காவ. அக்கா கைப்பக்குவத்துக்குக் கொத்திக்கிட்டுப் போயிருவாவ. சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேயே."

கூடப் பிறந்தவன் சொல்கிறான், அய்யா! இடுப்பில் தூக்கிச் சுமந்த தம்பி சொல்கிறான்.

"நல்ல யோசனையாத்தான் இருக்கு" என்றான் நாகராஜ், தோளிலிருந்து பாரம் இறங்கினவன் மாதிரி. அப்போதுதான் கீழே பார்த்தான். "என்ன மதினி சொல்லுதிய?"

"அண்ணன் வாங்கின ரூமுக்குப் பதிலா வந்த வீடு இது" என்றாள் விஜயராணி. "அதை மட்டும் யோசிச்சுக்கோ தம்பி."

"அண்ணனை எதுக்கு இழுக்கிய? நான் இல்லன்னா சொல்லுதேன்?" என்றான் நாகராஜ். "நல்லதுக்குத்தான சொல்லுதோம்."

விஜயராணி இலைகளைப் பையில் திணித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பானுமதி தனியாக நின்று மேல் கபோர்டில் புதுக் கண்ணாடி ஜாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

விஜயராணி கதவைச் சாத்தினாள்.

"ஏன் பானு?"

பானுமதி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இப்போது அந்தக் குரலில் தேன் இல்லை.

"ஏன்னு இப்பத்தான் கேக்கியளா? மேல் கபோர்டு உங்களுக்கு எட்டலைல்லா? அன்னைக்கே கேட்டிருக்கணும் அக்கா. ஷாகுல் அண்ணன் அளவெடுக்கும்போது, 'யாரு சமைக்கிறது, அவங்களை நிக்கச் சொல்லுங்க'ன்னாரு. உங்களைப் பால் வாங்க அனுப்பிட்டு நான்தான் நின்னேன்."

விஜயராணி அண்ணாந்து பார்த்தாள். நிஜம்தான். இந்த ஒரு வாரமாகச் சாமான் அடுக்க வந்தபோதெல்லாம் ஸ்டூல் போட்டுத்தான் மேலே எட்டினாள். பட்டறையில் அப்படித்தான் செய்வார்கள்போல என்று நினைத்திருந்தாள். யாராவது தன் வீட்டு அடுக்களையைப் பார்த்துச் சந்தேகப்படுவார்களா?

"பலகை?"

"கீழ ரெண்டு கபோர்டுக்கு மட்டும் மாத்தச் சொன்னேன். நீங்க தேர்ந்தெடுத்த நல்ல பலகையிலயும் ரெண்டு செய்யச் சொல்லியிருக்கேன், பட்டறையில ரெடியாகிட்டு இருக்கு. நீங்க கிளம்பினதும் கொண்டுவந்து மாட்டுவாங்க." ஜாடியின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "தண்ணி காட்டக் கூடாது, ஈரத் துணியில துடைச்சா உடனே காய்ஞ்ச துணியிலயும் துடைக்கணும்னு அண்ணன் என்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நீங்க எப்படியும் வாளியத் தூக்குவீங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லாட்டியும் தூக்குவீங்க. சும்மா ஒரு வார்த்தை சொல்லி வச்சேன்."

"நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

"என்ன செய்யலை?" பானுமதி ஜாடியை டக்கென்று வைத்தாள். "கல்யாணமாகி வந்த ஒரு வாரத்துல, உங்களைக் கேக்காம உப்புச் சம்படத்தை எடுத்தேன்னு கரண்டியால என் கையில அடிச்சிய. நீங்க மறந்திருப்பிய. அந்த வீட்ல ஒரு டப்பாவை நானா எடுத்து நானா வச்சிருக்கேனா? என் புருஷனுக்கு ஒரு டீ போட உங்க உத்தரவு வேணும். வேலைக்குப் போயிட்டு வந்தா என் பிள்ளை என்கிட்ட வராது. முதல் முதலா 'ம்மா'ன்னு உங்களைப் பார்த்துத்தான் கூப்பிட்டா. நீங்க அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிய. நான் மோரியில நின்னு அழுதேன்."

விஜயராணிக்குக் கரண்டி ஞாபகம் இருந்தது. சிரித்ததும் ஞாபகம் இருந்தது. அப்போது அது இவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிந்ததே இல்லை.

"இன்னைக்கு அவ யார் பக்கம் பேசினா, பார்த்தியளா?" என்றாள் பானுமதி. "அது போதும் எனக்கு. போய் இதையெல்லாம் அவர்கிட்ட சொல்லுங்க. நல்லாச் சொல்லுங்க. யார் நம்புவாங்கன்னு பார்ப்போம்."

விஜயராணி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கூட்டம் பாதி கலைந்திருந்தது. இசக்கி போனில் யாரிடமோ, "மாட்டுங்கா பக்கமா இருந்தாத் தேவலை" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சின்ன ரூமில் அவளுடைய பெட்டியும் பாயும் இருந்தன. அந்த ரூம் அவளுக்கும் பத்மஜாவுக்குமாகத்தான் பேச்சு. ஜன்னல் பக்கம் பிள்ளைக்குக் கட்டில், சுவரோரம் அவளுக்குப் பாய். தாராவியிலும் இருவரும் அப்படித்தான், பக்கத்தில் பக்கத்தில்.

பத்மஜா அங்கே தரையில் மண்டியிட்டிருந்தாள். கையில் ஷாகுலின் ஆட்கள் விட்டுப்போன அளவு டேப். பெட்டியையும் பாயையும் கதவோரமாக நகர்த்தி வைத்துவிட்டு, சுவரோரத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ள பொய் சொன்ன?"

பத்மஜா நிமிரவில்லை. "பெரியம்மா, ப்ளீஸ். டிராமா வேண்டாம்."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

பார்த்தாள். அழுதிருப்பாள் என்று விஜயராணி நினைத்திருந்தாள். பிள்ளை அழுதிருக்கவில்லை.

"எனக்கு ஒரு ரூம் வேணும். அவ்வளவுதான். பிறந்ததிலேர்ந்து உங்க பக்கத்துலயே படுத்தாச்சு. ராத்திரி லைட் போட்டுப் படிக்க முடியாது, போன் பேச முடியாது, ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட முடியாது. மம்மி சொன்னா, நீங்க போயிட்டா இந்த ரூம் எனக்கே எனக்குன்னு." கொஞ்சம் யோசித்து, "நான் சண்டே சண்டே வந்து பார்க்கிறேன், பக்கா. மாட்டுங்கா என்ன தூரமா?" என்றாள்.

விஜயராணிக்கு அந்த நிமிஷம் பானுமதி மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. பானுமதிக்காவது ஒரு கரண்டி அடி இருந்தது. இந்தப் பிள்ளைக்கு அவள் என்ன செய்தாள்? ஒரு நாளும் கைநீட்டியதில்லை. காய்ச்சலென்றால் விடிய விடிய மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெரியம்மா, ஒரு நிமிஷம்" என்றாள் பத்மஜா. "இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க. தனியா அளக்க முடியல. இங்க சுவர் முழுக்க ஒரு வார்ட்ரோப் போடணும்."

டேப்பின் நுனியை நீட்டினாள். தன் பாய் விரிக்க இருந்த இடத்தை அளக்க, தன்னிடமே நீட்டினாள். பிள்ளைக்கு அது கொடுமை என்றுகூடத் தோன்றவில்லை, அதுதான் கொடுமை. பழக்கதோஷம். பிள்ளை எதைக் கேட்டாலும் செய்து கொடுத்த கை. விஜயராணி குனிந்து அந்த நுனியை வாங்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள்.

அப்போது வாசலில் மணி அடித்தது.

"வாங்க ஷாகுல் அண்ணே!" என்ற நாகராஜின் குரல் கேட்டது. "இவ்வளவு லேட்டாவா வாறது? பாலெல்லாம் குடிச்சு முடிச்சாச்சு."

"மன்னிச்சிருங்க நாகராஜ், பட்டறையில வேலை முடியல" என்றார் ஷாகுல் ஹமீது. ஸ்வீட் பெட்டியை எங்கேயோ வைக்கும் சத்தம். "நம்ம வீட்டு வேலைதான். ஏம்மா பானுமதி, நீங்க சொன்ன அந்த ரெண்டு கபோர்டும் ரெடி. நல்ல ப்ளைவுட்டுல இழைச்சு வச்சிருக்கேன். பழசைக் கழத்திட்டு எப்பம்மா மாட்டட்டும்?"

"எந்தக் கபோர்டு?" என்றான் நாகராஜ்.

"சிங்க்குக்குக் கீழ உள்ளதுதான். அவசரத்துக்கு இப்போ தூள் பலகையில போடுங்க, பால் காய்ச்சு முடிஞ்சதும் மாத்திக்கலாம்னு அம்மாதானே... ஏன், உங்ககிட்ட சொல்லலையா?"

"அண்ணே, அது வந்து..." என்றாள் பானுமதி.

பத்மஜாவின் முகம் வெளுத்துவிட்டது.

"பெரியம்மா" என்றாள் மெதுவாக. "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. ப்ளீஸ். பப்பா என்னைக் கொன்னுருவாரு. நான் பொய் சொன்னேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். ப்ளீஸ் பெரியம்மா."

நாகராஜ் ரூம் வாசலுக்கு வந்துவிட்டான். பின்னால் இசக்கி, ஷாகுல், கலையாமல் மிச்சமிருந்த கூட்டம், எல்லோருக்கும் பின்னால் பானுமதி.

"மதினி" என்றான் நாகராஜ். "நேத்து நிஜமா என்ன நடந்துச்சு? பானு உங்ககிட்ட என்ன சொன்னா?"

பத்மஜா விஜயராணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதில் கீழே விழுந்தால், அழுவதா வேண்டாமா என்று பெரியம்மா முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வாள். அதே பார்வை.

விஜயராணிக்கு அந்தப் பார்வை தெரியும். அதற்கு மயங்கித்தான் இத்தனை வருஷமும் ஓடியது. இன்று அவள் மயங்கவில்லை. நுனியை விடாமல், இன்னும் அழுத்தமாகச் சுவரோடு பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஏன் தம்பி கேக்க? நான் சொன்னா யாரு நம்புதா?" என்றாள். "பிள்ளைகிட்ட கேளு. அவதான் எல்லாத்தையும் கூடவே இருந்து கேட்டவ. ம், சொல்லுட்டி."